ஆண்டைத் திருத்திவிட்டீர்கள், பேருந்து நின்றதா?

2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடு வாக்களித்தது. 9ஆம் தேதி மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ திரைக்கு வந்தது. மே 2 அன்று வாக்கு எண்ணிக்கை. வாக்குப்பதிவு இயந்திரங்கள் பூட்டிய அறைகளில் கிடந்த அந்த நாட்களில் ஒரு கேள்வி பெரிதாகக் கிளம்பியது. படத்தில் காட்டப்படும் கொடுமை எந்த ஆட்சியில் நடந்தது?

படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொடியங்குளம் என்கிற ஊருக்குப் பேருந்து நிறுத்தம் கிடையாது. வலிப்பு வந்த சிறுமி நடுச்சாலையில் கிடந்து சாகிறாள். கடந்துபோகிற ஒரு வண்டியும் நிற்கவில்லை. நிற்காத பேருந்தை ஒருநாள் அந்த ஊர் இளைஞர்கள் அடித்து நொறுக்குகிறார்கள். விசாரிக்க வரும் காவல்துறை அதிகாரிக்குப் பேருந்து உடைந்ததைவிட, அந்த ஊர்ப் பெரியவருக்குத் துரியோதனன் என்று பெயர் இருப்பதும், அவர்கள் தலைப்பாகை கட்டியிருப்பதும்தான் உறுத்துகிறது. பிறகு ஊருக்குள் காவல்துறை இறங்குகிறது.

இந்தப் படத்தில் கதை நடக்கும் காலம் 1997 என்று போட்டிருந்தார்கள். அதுதான் சிக்கல். கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது 1995 ஆகஸ்ட் 31. அப்போது ஜெயலலிதா முதல்வர். 1997இல் திமுக ஆட்சி. அப்போது திமுக இளைஞரணிச் செயலாளராக இருந்த உதயநிதி ஸ்டாலின் படத்தைப் பாராட்டிவிட்டு, இந்தத் தவறைச் சுட்டிக்காட்டினார். படக்குழு ஏற்றுக்கொண்டது. சில நாட்களில் 1997 மறைந்து ‘1990களின் பிற்பகுதியில்’ என்று மாறியது. அதற்கும் சண்டை நடந்தது. பிற்பகுதி என்றாலும் 1996க்குப் பிறகு திமுகதானே!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முக்கியம். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி விரல்நுனி கறுத்துப்போனவன் நான். ஒரு தேதி தவறினால் நெறியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். கொடியங்குளம் அதிமுக ஆட்சியில் நடந்தது. அதைத் திமுக கணக்கில் எழுதுவது தவறு. திருத்தச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் திருத்தியவர்கள் அந்த ஆண்டை அழித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. சரி தோழர், கொடியங்குளம் 1997இல் நடக்கவில்லை. 1997இல் என்ன நடந்தது?

பேருந்து பற்றிய படம் என்பதால் பேருந்திலிருந்தே தொடங்குவோம். 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது கலைஞர் அரசு. நல்ல முடிவு. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. அரசு என்ன செய்தது? அந்த ஆண்டு ஜூலையில், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கியது. நெல்லையில் கட்டபொம்மன் பெயரில் பல ஆண்டுகள் பேருந்து ஓடியது, யாரும் இறங்கி நடக்கவில்லை. கட்டபொம்மனுக்காக உயிரைக் கொடுத்த தளபதியின் பெயரில் மூன்று மாதம்கூட ஓட முடியவில்லை. எல்லாப் பெயர்களையும் எடுத்தது சமத்துவம் என்று சொல்லப்பட்டது. ஒரே ஒரு பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காகத்தான் எல்லாப் பெயர்களும் போயின என்பது ஊருக்கே தெரியும்.

அதே 1997, ஜூன் 30. மதுரை மாவட்டம் மேலவளவு. தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். துணைத் தலைவரும் தோழர்களும் உடன் இருந்தார்கள். வழியில் மறித்து வெட்டிக் கொன்றார்கள். எங்கே வைத்து? பேருந்தில் வைத்து. நாற்காலியில் உட்கார ஒரு தலித்துக்குச் சட்டம் உரிமை கொடுத்ததற்கு, சாதி கொடுத்த பதில் அது.

திரையிலிருந்து அழிக்கப்பட்ட 1997 இதுதான். கர்ணன் படத்தின் ஆண்டாக இருக்க அதற்கு எல்லாத் தகுதியும் இருந்தது. கொடியங்குளத்தின் தேதி என்ற வகையில் அது பிழை. ஒடுக்கப்பட்டவனின் பேருந்து வரலாற்றில் அது பிழை இல்லை.

“ஆகா, அப்படியானால் திமுகதான் குற்றவாளி” என்று அதிமுக நண்பர்கள் துள்ள வேண்டாம். மேலவளவுக் கதை அத்தோடு முடியவில்லை. அந்தக் கொலை வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி அவர்களில் 3 பேரைத் திமுக அரசு முன்விடுதலை செய்தது. 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேரை அதிமுக அரசு விடுதலை செய்தது. இரண்டு கட்சிகள், இரண்டு நூற்றாண்டுகள், ஒரே கொலை வழக்கு. இதில் எந்த ஆண்டைத் திருத்தச் சொல்வீர்கள்?

‘எந்த ஆட்சியில் நடந்தது’ என்பது நேர்மையான கேள்வியாக இருந்தால் கேட்டுக்கொண்டே போகலாம். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25, திமுக ஆட்சி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் பேரணி போனவர்களைக் காவல்துறை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தது 1999 ஜூலை 23, திமுக ஆட்சி. இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது 2011 செப்டம்பர் 11, அதிமுக ஆட்சி. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்சிக்காரரும் இன்னொரு கட்சிக்காரரைப் பார்த்து விரல் நீட்ட முடியாது. ஆனால் நீட்டுகிறார்கள். ஏனென்றால் அவரவர் தொலைக்காட்சியில் அவரவருக்கு வேண்டிய பாதிப் பட்டியல் மட்டுமே ஓடுகிறது.

1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று கட்சிக்கொரு அலைவரிசை கண்ட மாநிலம் இது. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். யார் வீட்டுத் திண்ணைக்கும் வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டாம் என்ற நிலையை எங்கள் அம்மாக்களுக்கு அந்தப் பெட்டிதான் கொடுத்தது. ஆனால் அதில் ஒரு அலைவரிசையில் செத்தவன் அடுத்த அலைவரிசையில் சாகமாட்டான். ஆட்சி மாறினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். “இன்னைக்கு யாரு ஆட்சின்னு நியூஸைப் பாத்தாலே தெரியுது” என்பார் எங்கள் பெரியப்பா.

கட்சி சாராதவை என்று சொல்லிக்கொள்ளும் செய்தி அலைவரிசைகள் மட்டும் என்ன வாழ்ந்தன? விவாத மேடையில் ஆளுங்கட்சிக்கு ஒரு நாற்காலி, எதிர்க்கட்சிக்கு ஒன்று, பாஜகவுக்கு ஒன்று, ‘அரசியல் விமர்சகர்’ என்ற பெயரில் ஏதோ ஒரு கட்சியின் நிலைய வித்வானுக்கு ஒன்று. செத்தவனின் தெருவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் அழச் சொல்வார்கள். கருத்துச் சொல்ல விடமாட்டார்கள்.

2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ வந்தபோதும் இதுதான் நடந்தது. சிறை வாசலில் சாதி கேட்டுப் பிரித்து, ஒரு பகுதியினரை வீட்டுக்கும் இன்னொரு பகுதியினரைப் பொய் வழக்குக்கும் அனுப்பும் காட்சியோடு தொடங்கும் படம். காவல்நிலையத்தில் மனிதனை அடித்தே கொல்வதைப் பற்றிய படம். சண்டை எதற்கு நடந்தது? சுவரில் தொங்கிய காலண்டருக்கு. அக்கினிக் குண்டம் இருந்த காலண்டர் மாற்றப்பட்டது. பிறகும் 5 கோடி ரூபாய் கேட்டு வன்னியர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியது. நடிகர் சூர்யாவின் வீட்டுக்குக் காவல் போட வேண்டியிருந்தது. இயக்குநர் ஞானவேல் வருத்தம் தெரிவித்தார்.

ஒரு சமூகத்தைத் தவறாக அடையாளப்படுத்துவது சரியா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அப்படிக் கேட்டவர்கள் இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். படத்துக்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டுக் காவல் கொலையில் இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளர் ஆக்கப்பட்டார். செத்தவனின் அடையாளம் மாறியது பற்றிய பேச்சு, சுவர்க் காலண்டர் பற்றிய கூச்சலில் கால்வாசிகூட இல்லை. ஏன்? குறவர்களுக்குக் கூட்டணியில் பேரம் பேசும் கட்சி இல்லை. வாக்கு வங்கி உள்ளவர்களின் காலண்டர் புண்படும். வாக்கு வங்கி இல்லாதவர்களின் பிணம்கூடப் புண்படாது.

ஒரே ஆண்டில் இரண்டு படங்கள். ஒன்றில் தேதி, இன்னொன்றில் தேதி காட்டும் காலண்டர். இரண்டும் சில நாட்களில் திருத்தப்பட்டன. இவ்வளவு வேகமாக இந்த மாநிலத்தில் எங்கள் கோரிக்கை ஏதாவது நிறைவேறியிருக்கிறதா? ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு எத்தனை ஆண்டுகள் கத்தினோம்! 2025 அக்டோபரில்தான், அதற்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் தலைப்பு அட்டையை மாற்ற ஆணையம் தேவைப்படவில்லை என்பதையும் நினைவில் வைத்திருக்கிறோம்.

2023 ஜூனில் ‘மாமன்னன்’ வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரி செல்வராஜிடம் ஆண்டைத் திருத்தச் சொன்ன உதயநிதி, அப்போது அமைச்சராக இருந்துகொண்டு அவர் படத்திலேயே நாயகனாக நடித்தார். சொந்தக் கட்சிக்காரன் முன்னால் உட்கார முடியாத ஒரு தனித்தொகுதி எம்எல்ஏவின் கதை. அப்படி ஒரு படத்தில் நடித்ததற்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் படம் ஓடிய நாட்களில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குற்றவாளி யாரென்று அரசால் சொல்ல முடியவில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, அதில் இருந்த மூன்று பெயர்களும் அதே வேங்கைவயல் மக்களுடையவை. மாமன்னனுக்காகக் கண்கலங்கியவர்கள் எத்தனை பேர் அன்றைக்கு வாய் திறந்தார்கள்?

இங்கே என் முற்போக்கு நண்பர்கள் வழக்கமான கேள்வியோடு வருவார்கள். “தேர்தல் நேரத்தில் இதையெல்லாம் பேசினால் பாஜகவுக்குத்தானே லாபம்? நீ யாருக்குப் பி டீம்?”

தோழர், எல்லாக் கட்சிகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டுகள் தேர்தலே நடத்த முடியாமல் கிடந்த பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006இல் தேர்தல் நடத்தித் தலித் தலைவர்களை உட்கார வைத்தது திமுக அரசு. 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு தந்தது அதே அரசு. மனுவைத் தலையில் வைத்துக் கொண்டாடும் கூட்டத்தோடு இவர்களை ஒரே தட்டில் வைக்க எனக்குப் பைத்தியமா? வாக்குச்சாவடியில் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாக்குப் போட்டதற்காக மேலவளவை மறந்துவிடு என்று கேட்டால், அது கூட்டணி இல்லை, பண்ணையார்த்தனம். பாசிசத்தைக் காட்டிச் சாதியைப் பற்றி வாய் மூடச் சொல்கிறவர், சாதிதான் இந்த மண்ணில் பாசிசத்துக்குப் போட்ட அடித்தளம் என்பதை அம்பேத்கரிடமும் பெரியாரிடமும் கற்கவில்லை.

ஆகவே இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த படம் வரும். அதில் ஒரு தேதியோ, கொடியோ, பெயரோ சர்ச்சையாகும். எந்தக் கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணிக்காகவும் காலண்டர் சரிபார்க்கும் வேலையைச் செய்யாதீர்கள். தேதி தவறென்றால் திருத்தச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சரியான தேதியில் என்ன நடந்தது என்பதையும், தவறான தேதியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்விகள் போதும். சாதிக் கொலையாளிகளுக்குத் தலைவர்களின் பிறந்தநாளில் முன்விடுதலை கிடையாது என்று எழுதிக் கொடுப்பீர்களா? ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்தை எந்த மாதத்துக்குள் கொண்டுவருவீர்கள்? எங்கள் தெரு முனையில் பேருந்து நிற்குமா?

மூன்றாவது கேள்வியை என் பெரியம்மாவிடமிருந்து எடுத்தேன். எங்கள் ஊரில் பேருந்து ஊர்த்தெரு மந்தையில் நிற்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில்தான் எங்கள் தெரு இருக்கிறது, ஆனால் நிற்காது. கர்ணன் சர்ச்சை நடந்தபோது நான் ஊரில் இருந்தேன். 1995ஆ 1997ஆ என்று கைபேசியில் நண்பனோடு ஒரு மணிநேரம் சண்டை போட்டேன். முற்றத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா, நான் போனை வைத்ததும் கேட்டது: “ஏம்ப்பா, அந்தப் படத்துல கடைசியில பஸ்ஸு நின்னுச்சா?”

நின்றது என்றேன்.

“படத்துலயாவது நின்னுச்சே” என்று சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்தது.

இன்றுவரை எங்கள் தெருவில் நிற்கவில்லை. எந்த ஆட்சியில் என்று கேட்காதீர்கள். எல்லா ஆட்சியிலும்தான்.