வளைவு நிற்கிறது, வளாகம் எங்கே?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிடும் சாலையிலே, சேர்வராயன் மலைத்தொடர் நீலத் திரைச்சீலையென நெடுகத் தொங்கிக்கொண்டிருக்க, அதன் முன்னே ஒரு வளைவு நிற்கிறது. 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்று அதன் நெற்றியிலே எழுதியிருக்கிறது. வாயில் இருக்கிறது, அந்த வாயிலுக்குரிய வளாகம் இல்லை. விளக்கொளி வெள்ளமாய்ப் பாய்ந்த அரங்குகள் இல்லை. வாளொலியும் வசனமும் முழங்கிய கூடங்கள் இல்லை. அவை இருந்த மண்ணிலே குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

“வீடு கட்டியது தவறா? குடியிருக்க இடமின்றி மக்கள் தவிக்கையிலே, கூத்து நடந்த கொட்டகைக்காகக் கண்ணீர் வடிக்கிறீரே!” என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானது, கேலியாய்த் தள்ளிவிடத் தக்கதன்று. 1970 ஆம் ஆண்டிலே குடிசை மாற்று வாரியம் கண்ட இயக்கத்தின் வழிவந்தோர், வீடு எழுவதைக் குற்றமென்று கூறிட மாட்டோம். நாம் கேட்பது வேறு. இடித்துத்தான் எழுப்ப வேண்டுமா? எழுந்த வீடு எவருக்கு? தொழிற்கூடம் குடியிருப்பாக மாறுகையில் கொழிக்கும் இலாபம் எவர் மடியில் விழுகிறது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பாமல் வளைவின் முன் நின்று பெருமூச்சு விடுவது பொழுதுபோக்கு, அரசியல் ஆகாது.

முதலில், போனது எது என்று தெரிந்துகொள்வோம். இன்றைய இளந்தோழர்களுக்கு அந்த வளைவு, நின்று படமெடுத்துக்கொள்ளும் இடம். 2023 ஆம் ஆண்டிலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே காரை நிறுத்தி இறங்கி, அங்கே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். எடுக்கட்டும், நாமும் எடுப்போம். ஆனால் எதன் முன் நிற்கிறோம் என்பதை அறிந்து நிற்போம்.

திருச்செங்கோட்டிலே 1907 இல் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்து நாட்டு லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில் கற்றவர். கற்று வந்தவர் நூற்பாலை கட்டவில்லை, படவாலை கட்டினார். ஆலை என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று. மாதச் சம்பளம், மணிக்கணக்கு, கண்டிப்பு, ஒரு படம் முடியுமுன் அடுத்த படத்துக்கு ஏற்பாடு. இவையனைத்தும் ஆலை முறையே. எழுத்தாளன்கூட அங்கே மாதச் சம்பளக்காரன்! 1937 இல் 'சதி அகல்யா'. 1938 இல் மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்'. 1940 இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்ற 'உத்தமபுத்திரன்'. 1952 இல் அமெரிக்கரோடு கூட்டாக 'தி ஜங்கிள்'. 1956 இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961 இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. சென்னையிலன்று, பம்பாயிலன்று, மரவள்ளியும் மாம்பழமும் விளைகின்ற சமவெளியிலே, மாக்னசைட் வெட்டும் மண்ணிலே நடந்த வேலை இது!

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1944 இல் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் எனப் பெயர் பூண்ட ஊர் சேலம். ஆறாண்டு கழித்து அதே ஊரிலே, குண்டலகேசியின் கதையைத் தழுவிக் கலைஞர் தீட்டிய நாடகம், எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரும் சுந்தரமும் இயக்க, 'மந்திரிகுமாரி'யாய்த் திரையேறிற்று. எழுதியவர் பின்னாளில் முதலமைச்சர், நடித்த எம்.ஜி.ஆரும் பின்னாளில் முதலமைச்சர். (அவர்கள் எதிரெதிர் அணியில் நின்றது அரங்கத்தின் குற்றமன்று.) பாவேந்தரின் 'எதிர்பாராத முத்தம்' அதே 1950 இல் 'பொன்முடி'யாக வெளிவந்ததும் இங்கிருந்துதான். கண்ணதாசன் ஆசிரியராய் அமர்ந்த 'சண்டமாருதம்' ஏடும் இந்நிறுவனத்துடையதே. மேடைத் தமிழ் படச்சுருளில் ஏறி, தட்டியடைத்த கொட்டகைகளிலே தரையில் உட்கார்ந்திருந்த உழவனின் செவிக்குச் சென்று சேர்ந்த பாதையிலே, சேலம் ஒரு பெரிய சந்திப்பு நிலையம். நாடகம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் சற்று உணர்ச்சி மிகுதல் இயல்பே, பொறுத்துக்கொள்க.

1963 இல் சுந்தரம் மறைந்தார். 1980களின் தொடக்கத்தோடு படம் எடுப்பதும் நின்றது. தொழில் சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பின்னர் அரங்கத்தையே விட்டு வெளியேறி வீதிக்கும் வயலுக்கும் சென்றுவிட்டது. ஆகவே உரிமையாளர்மீது கல்லெறிவது முறையன்று. ஓடாத ஆலையை ஊருக்காக எவரும் சொந்தச் செலவில் காத்துக்கொண்டிருக்க முடியாது. சென்னை ஜெமினி படநிலையம் ஒரு மேம்பாலத்தின் வாய்மொழிப் பெயராகவும், அருகே ஓர் ஓட்டலாகவும் ஆயிற்று. வாகினி இருந்த இடம் மருத்துவமனையும் வணிக மாளிகையும் ஆயிற்று. 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான பெரம்பூர் பின்னி ஆலை மண்ணிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. தனியொருவர் செய்த பிழை இல்லை இது. முறையொன்று இல்லாமற் போனதன் விளைவு.

முறை என்றால் என்ன? வெளிநாட்டைப் பாருங்கள். சுந்தரம் படித்த லீட்ஸுக்கு அருகேதான் சால்ட்டேர். 1853 இல் திறந்த கம்பளி ஆலை, 1986 இல் மூடிற்று. இடித்தார்களா? இல்லை. ஆலை ஓவியக் கூடமும் கடைகளும் பணிமனைகளும் ஆயிற்று. எதிர்ப்புறத்துப் புது ஆலை குடியிருப்பாயிற்று. வியன்னா நகரிலே, 1899 இல் முடிந்த நான்கு எரிவாயுக் கலங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரச் செங்கற் கோட்டைகள். பயன்பாடு முடிந்ததும் வெளிச்சுவரை அப்படியே நிறுத்தி, உள்ளே அறுநூறுக்கு மேற்பட்ட வீடுகளையும், மாணவர் விடுதியையும், நகர ஆவணக் காப்பகத்தையும் அமைத்து 2001 இல் திறந்துவிட்டார்கள்.

படப்பிடிப்புத் தளம் என்பதும் அத்தகு கட்டடமே. நடுவிலே தூண் இல்லாத அகன்ற கூடம். இரண்டு மூன்று மாடி உயரக் கூரை. ஒலி புகாத தடித்த சுவர். சன்னல்தான் இராது, வெட்டித் திறக்க வேண்டும். உயரத்தின் நடுவே இடைத்தளம் போட்டால் ஒரு கூடம் ஈரடுக்கு வீடாகும். செலவு எங்கே வருமென்றால் மாடிப்படியில், கழிவு நீர்க் குழாயில், தீ பிடித்தால் தப்பும் வழியில் வரும். பழைய ஆலைக் கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருப்பின் அதை உடைத்துத் தூளாக்காமல் பதமாய்க் கழற்ற வேண்டும். அத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. எல்லாக் கட்டடமும் மாற்றத்துக்கு ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம். உளுத்த சுவரை வரலாறு என்று சொல்லி மக்கள் தலைமேல் நிறுத்தலாகாது.

இத்தகைய ஈரடுக்கு ஆலை வீட்டை ஆங்கிலத்திலே 'லாஃப்ட்' என்கிறார்கள். நம் வீட்டில் அச்சொல்லுக்குப் பொருள் பரண்! பித்தளை அண்டாவும் பொங்கல் பானையும் எலிப்பொறியும் வைக்கிற இடம். நியூயார்க் செல்வரோ கோடி கொடுத்துப் பரணிலே குடியேறுகிறார். சிரிப்பாயிருக்கிறதல்லவா? ஆனால் அங்கே முதலில் ஏறியவர்கள் செல்வரல்லர். 1960களில் சோஹோ வட்டாரத்துத் தொழிற்கூடங்கள் காலியாகவே, வாடகை குறைவென்று ஓவியரும் சிற்பியரும் சட்டத்துக்கு மாறாகக் குடிபுகுந்தனர். வேலை செய்யும் இடத்திலேயே வாழும் உரிமை கேட்டனர். 1971 இல் நகர நிர்வாகம் இசைந்தது. 1982 இல் மாநிலமே தனிச்சட்டம் இயற்றிற்று. பிறகு? அவ்விடத்தின் அழகைக் கண்டு பணம் படைத்தோர் வந்தனர்; வாடகை வானேறிற்று; கலைஞர் பலர் வெளியேறினர். கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவன் பிழைக்கவில்லை. ஆகவேதான் சொல்கிறேன்: சுவரைக் காத்தால் மட்டும் சமதருமம் வந்துவிடாது.

பம்பாய் இன்னும் கசப்பான பாடம். 1982 சனவரியிலே தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் இறங்கினர், தோற்றனர், ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. 1991 இல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தை விற்றுக் கட்டுவோர் நிலத்தை மூன்றாய்ப் பகுத்து, ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் விட்டு, எஞ்சியதைத் தாம் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல விதி! 2001 இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் ஏதுமற்ற வெற்று நிலத்தை மட்டும் பகுத்தால் போதும் என்றாயிற்று. ஆலையென்றால் பெரும்பகுதி கட்டடந்தானே! பொதுப்பங்கு சுருங்கிச் சிறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2006 இல் திருத்தமே நிலைத்தது. சில சொற்களின் திருத்தம், ஏக்கர் ஏக்கராய் விழுங்கிற்று. சட்டமன்றத்துக்குச் செல்லும் தோழர்கள் விதிகளின் வரிகளை ஏன் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, சேலத்துக்கு எதைக் கேட்பது? ஓவியர் வாழும் பரணையா? அன்று, தோழர்களே. வேலையும் வாழ்வும் ஒரே கூரையின் கீழ் என்பது நியூயார்க் கண்டுபிடித்த புதுமையன்று. அம்மாப்பேட்டை நெசவாளன் வீட்டுக்குள்ளே குழித்தறி இருக்கிறது. கூடத்தில் தறி, மூலையில் அடுப்பு, இடையில் தொட்டில்! செவ்வாய்ப்பேட்டையிலே வெள்ளிக் கொலுசுக்கு வளையம் பற்றவைக்கும் பெண்ணுக்கும் வீடே பட்டறை. விசைத்தறி நுழைந்த வீடுகளிலோ, ஓசையின் நடுவே பிள்ளை பாடம் படிக்கிறது. உயரமும் காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்த அறைகளுக்கும், காலியாய்க் கிடக்கும் உயர்ந்த ஆலைக் கூடங்களுக்கும் இடையிலே தூரம் சில கல்தான். மூடிய நூற்பாலை, நின்றுபோன ஜவ்வரிசி ஆலை, பழைய கிடங்கு இவற்றிலே எது உறுதியாய் நிற்கிறதோ, அதைத் தறிவீடுகளாய் மாற்றுக! கீழே தறி, மேலே வாழ்விடம், இடையிலே ஓசை தடுக்கும் தளம். பக்கத்திலேயே, தறியோட்டியின் பிள்ளைக்குப் படிப்பறை.

“உரிமையாளன் கொடுப்பானா?” சும்மா கொடுக்க மாட்டான், கேட்கவும் வேண்டாம். தொழிற்சாலை நிலம் வீட்டு நிலமாக வேண்டுமானால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் அரசு வகைப்பாட்டை மாற்றித் தர வேண்டும். அந்த ஒரு கையெழுத்தில் நிலத்தின் விலை தாவி ஏறுகிறது. ஏற்றம் உழைப்பால் வந்ததன்று. மக்கள் தந்த அதிகாரத்தால் வந்தது. பெரிய மனைப்பிரிவு போடுவோர் பத்திலொரு பங்கைத் திறந்தவெளிக்கு விடுதல் ஏற்கெனவே விதி. அவ்விதியை நீட்டி, பழைய தொழிற்கூட நிலம் வகை மாறும்போதெல்லாம், நிற்கும் கட்டடத்தை முதலில் பொறியாளர் பார்வையிட வேண்டும் என்றும், மாற்றத் தக்கதை இடிக்கலாகாது என்றும், ஒரு பங்கு வீடு உழைப்போர்க்குக் குறைந்த வாடகையில் என்றும் எழுதினால் என்ன? அந்தப் பங்கை விற்க முடியாதபடி வாரியத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டால், சோஹோ ஓவியனுக்கு நேர்ந்தது நம் நெசவாளனுக்கு நேராது.

நம் அரசையும் ஒரு சொல் கேட்கத்தான் வேண்டும். மரபுச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டம் 2012 இல் நிறைவேறிற்று. இயற்றியவர் ஆட்சியிலே உறங்கிற்று, வியப்பில்லை. 2021 இல் நாம் வந்த பிறகும் உடனே விழிக்கவில்லை. 2024 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனை ஓட்டுக்கூரைகள் இறங்கினவோ! கோபுரமும் கோட்டையும் மட்டுமே மரபென்று நினைப்பது, மன்னர்களின் வரலாற்றை மட்டும் படித்தவர்களின் பழக்கம். புகைபோக்கியும் மரபு. படத்தளமும் மரபு. சாயப்பட்டறைத் தொட்டியும் மரபு.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டங்களிலே மூடிக் கிடக்கும் ஆலை, பட்டறை, கிடங்கு அனைத்தையும் நேரிற் சென்று பார்த்துக் குறித்திடுக. எழுப்பிய ஆண்டு, கூரையின் உயரம், சுவரின் நிலை, கடைசியாய் எத்தனை பேர் வேலை செய்தனர், அவர்கள் இன்று எங்கே குடியிருக்கிறார்கள், என்ன வாடகை தருகிறார்கள் என்பவற்றை எழுதுக. பூட்டிய கதவைத் திறக்க மறுத்தால் காவலரிடம் சண்டை வேண்டாம். எதிரிலுள்ள தேநீர்க் கடையில் அமர்ந்தால், அங்கே வேலை செய்த ஒருவர் எப்படியும் வந்து சேருவார். அவரிடம் கேளுங்கள். பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்கு வந்ததும், அடுத்த நகர்மன்றக் கூட்டத்திலே நம் உறுப்பினர்கள் அதைத் தீர்மானமாய் வைப்பார்கள்.