எலியாவின் நித்திரை

விடிய நாலு மணிக்கு எழும்பி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடும் கிளிநொச்சி அம்மா, ஞாயிறு பூசையில் கண்ணயர்ந்தால் பக்கத்திலிருப்பவர் இடித்து எழுப்புகிறார். எழுப்பாதீர்கள் என்பேன். சாவைக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவிடம் வானதூதர் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினார். உண்டு குடித்த தீர்க்கதரிசி மறுபடியும் படுத்துக்கொண்டார்; தூதர் அதற்கும் விட்டார். வன்னித் தாய்க்கு அந்த இரண்டாவது நித்திரையை யார் கொடுத்தோம்? 2009இல் போரில் கணவனைப் பறிகொடுத்தவள், அன்றே குடும்பத்தலைவியும் ஆனாள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இரவுபகலாய்ப் போராட்டத்தில் இருந்தார்கள். அவர்களைத் தைரியசாலிகள் என்று புகழ்ந்தோம். களைத்தவர்கள் என்று சொல்ல ஏனோ நாக்கு வரவில்லை. மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பமாய்ப் போய்த் தங்கினாலும் அங்கேயும் அடுப்படியில் இருப்பது அந்தத் தாய்தான். மாதாவிடம் அழுது ஆறுவதற்குள் உலை கொதித்துவிடும். மருதமடுக் காட்டின் நிழல் அவளுக்கும் உரியதல்லவா? செபமாலை சொல்ல வீட்டுக்கு வரும் மரியாயின் சேனையார், போகும்போது கைக்குழந்தையை இரண்டு மணித்தியாலம் தூக்கிக்கொண்டு போகட்டும். அடுத்த திருவிழாவில் கூடாரச் சமையலைப் பங்கின் ஆண்கள் பொறுப்பெடுக்கட்டும். சோறு குழைந்தாலும் பரவாயில்லை, அவள் மரத்தடியில் பாயை விரிக்கட்டும்.