ஊறுகாய் மட்டும் போதுமா?

மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான் என்றால், வீடே பரபரக்கிறது. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், குளிருக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிடுகின்றன.

ஒன்று மட்டும் ஏறுவதில்லை. 'அங்கே பரீட்சை எப்படி நடக்கும்?' என்ற விவரம்தான் அது!

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இருந்தும் இன்று பிள்ளைகள் கடல் கடந்து போகிறார்கள். விசைத்தறியிலும் பூந்தோட்டத்திலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். நகையை அடகு வைத்த பணம். பாங்கியில் வாங்கிய கடன். அத்தனையும் ஒரு பிள்ளையின் படிப்பை நம்பி இருக்கிறது.

பிள்ளை கெட்டிக்காரன்தான். பிளஸ்-டூவில் நல்ல மார்க்கு. பிறகு ஏன் அங்கே போய்த் திணறுகிறான்? இங்கே பழகிய பரீட்சை வேறு. அங்கே எழுதும் பரீட்சை வேறு.

சீட்டு எடுத்தால் கேள்வி

ருஷியாவில் டாக்டர் படிப்புக்குப் பல பரீட்சைகள் வாய்மொழியாக நடக்கின்றன. மேஜை மீது சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மாணவன் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள கேள்விகளுக்குச் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஆசிரியர் முன்னால் போய்ப் பதில் சொல்ல வேண்டும். அவர் குறுக்குக் கேள்வியும் கேட்பார்.

இங்கே பன்னிரண்டு வருடம் வாய் திறக்காமல் எழுதிப் பழகிய பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. விடை மனதில் இருந்தும் வெளியே வருவதில்லை.

மார்க்கு போடும் விதமும் வேறு. ருஷியாவில் 5 வாங்கியவன் முதல்வன். 2 வாங்கியவன் தவறியவன். ஜெர்மனியில் நேர் எதிர். அங்கே 1 தான் சிறந்த மார்க்கு. 5 என்றால் தோல்வி! இங்கிலாந்தில் பெரும்பாலும் 40 எடுத்தால் தேர்ச்சி. 70 எடுத்தால் முதல் வகுப்பு. அங்கே 65 வாங்கிய மகனை, "நூற்றுக்கு அவ்வளவுதானா?" என்று அப்பா போனில் கடிந்துகொண்டால், அது தகுமா? அது நல்ல மார்க்கு ஆயிற்றே!

புத்தக வரியும் குற்றம்

நம் ஊரில் புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் பாராட்டு. மேல்நாட்டில் பிறர் எழுதியதை அவர் பெயரைச் சொல்லாமல் கட்டுரையில் எழுதினால், அது கருத்துத் திருட்டு. மார்க்கு போகும். சில சமயம் படிப்பே போகும். கெட்ட எண்ணம் இல்லாத பிள்ளையும் இதில் மாட்டிக்கொள்வது உண்டு.

அதற்காக, 'மனப்பாடம் மட்டம்' என்று சொல்லுவோர் கட்சியில் நான் இல்லை. வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்புகிறவர்களுக்கு இங்கே ஒரு தகுதிப் பரீட்சை காத்திருக்கிறது. 2002 முதல் அது நடக்கிறது. 300 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கொடுத்துள்ள விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 150 மார்க்கு எடுத்தால்தான் இங்கே டாக்டராகத் தொழில் செய்ய வழி. பத்துப் பேர் எழுதினால், ஏழெட்டுப் பேர் தவறிய தடவைகளும் உண்டு. அங்கே வாயால் சொல்லித் தேறியவர்கள், இங்கே நினைவில் வைத்து விடையைக் குறிக்க வேண்டியிருக்கிறது!

பரீட்சை மாறினால் மனிதனின் மதிப்பும் மாறித் தெரிகிறது. கணித மேதை ராமானுஜன் 1907-ல் எப்.ஏ. பரீட்சையில் தவறியவர். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1916-ல் அவருடைய ஆராய்ச்சிக்காக அதே மனிதருக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவர் அறிவை அளந்த படிதான் வேறு!

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பரீட்சை எழுத்திலா, வாய்மொழியிலா? தேர்ச்சி மார்க்கு எவ்வளவு? தவறினால் எத்தனை தடவை மறுபடி எழுத விடுவார்கள்? திரும்பி வந்தால் இங்கே எழுத வேண்டிய பரீட்சை என்ன? சேர்த்துவிடும் ஏஜெண்டு இதற்கு மழுப்பினால், உஷாராகிவிடுங்கள். பழைய கேள்வித்தாள்களையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம், படித்த பாடத்தைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். அம்மா படிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவன், எந்த நாட்டு ஆசிரியருக்கும் சொல்லிவிடுவான். "ஏன், எப்படி?" என்று அம்மாவும் கேட்கட்டும். ஏன் என்று கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்காதீர்கள்.

பள்ளிகளும் வாரம் ஒரு மணி நேரம் வாய்மொழிப் பரீட்சை வைக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் வெளிநாட்டுப் பரீட்சை முறைகளையும் சொல்லிக் கொடுக்கலாம். பணக்காரப் பிள்ளை காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளும் இந்த விவரம், தறிக்காரர் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதுதான் நியாயம்.

சங்கரன்கோவிலில் சிவனும் திருமாலும் ஒரே உருவில் சங்கரநாராயணராக நிற்கிறார்கள். அந்தக் காட்சியைக் காணக் கோமதி அம்மன் தவம் இருந்தாள் என்பது தல வரலாறு. அதுதான் ஆடித்தபசு விழா. நம் பிள்ளைகளுக்கும் இரண்டும் சேர்ந்தே வேண்டும். மனதில் நிறுத்தும் பழக்கமும் வேண்டும். வாய் திறந்து கேட்கும் துணிவும் வேண்டும்.

ஊறுகாய் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும். இந்தப் பழக்கம் தீராது. பெட்டியில் அதற்கு முதல் இடம் கொடுங்கள்!