"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா எங்கட புள்ள?"



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பாடசாலைக்கு வரும் பெற்றோரின் முகத்தைப் பார்த்தே, என்ன கேட்கப் போகிறார்கள் என்று எங்களுக்கு விளங்கிவிடும். மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. இன்னொரு தடவை எழுதுவதா, வேறு வழி பார்ப்பதா என்ற யோசனை. இந்த முறை ஒரு மாணவி உம்மாவோடு வந்து, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். உம்மாவுக்கும் சந்தோசம்தான். "படிச்சி முடிச்சி உளநலப் பிரிவில வேல செய்யத்தான் எனக்கு விருப்பம்" என்று பிள்ளை சொன்னதும் உம்மாவின் முகம் மாறிவிட்டது.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா எங்கட புள்ள? நாளைக்கு மாப்பிள வீட்டாக்கள் கேட்டா என்னண்டு சொல்ற?"

அந்த உம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேட்டது ஊரே கேட்கும் கேள்வி. நாங்களும் சின்ன வயதில் "உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிச் சிரித்தவர்கள்தான். இன்று வகுப்பில் பிள்ளைகள் அதே வார்த்தையைச் சொல்லும்போது, காதில் விழாத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

எங்கள் மேல் ஒரு கடன் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு மாணவன் படித்தான். கணிதத்தில் கெட்டிக்காரன். உயர்தரம் இரண்டாம் வருடத்தில் பேச்சைக் குறைத்தான். கடைசி வாங்குக்குப் போனான். எல்லோரும் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்றான். இரவில் தூக்கமில்லை என்றான். போன்தான் காரணம் என்று நாங்கள் முடிவு கட்டினோம். வரவு குறைந்ததற்குக் கடிதம் அனுப்பினோம். வீட்டில் ஓதிப் பார்த்தார்கள். பிறகு யாரோ சொல்லி, தூர ஊரில் ஒருவரிடம் கொண்டுபோய்க் கையிலிருந்த காசையெல்லாம் கொட்டினார்கள். வைத்தியரிடம் போய்ச் சேர ஒன்றரை வருடம் எடுத்தது. மருந்து பிடித்தது, ஆள் தேறினான். "சுகம்தானே, இனி எதுக்கு?" என்று மூன்றே மாதத்தில் மருந்தை நிறுத்தினார்கள். மறுபடியும் விழுந்தான், முன்னதைவிட மோசமாக.

அந்த மூன்றாவது மாதத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "கிளினிக்குக்கு ஏன் வரல்ல? மருந்து குடிக்கிறீங்களா? என்ன கஷ்டம்?" என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அந்த ஒருவர்தான் சமூக உளநலத் தாதி. எங்கள் மாணவி ஆக விரும்புவது அதுதான்.

இந்த வேலை என்னவென்று தெரியாமல்தான் பயப்படுகிறோம். கிளினிக்குக்கு வராதவரைத் தேடி வீட்டுக்குப் போவது. தினமும் குளிசை குடிக்க முடியாதவருக்கு இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தவறாமல் போடுவது. கை நடுங்குகிறதா, எச்சில் வடிகிறதா, உடம்பு ஊதுகிறதா என்று பார்த்து வைத்தியருக்குச் சொல்வது. பக்கவிளைவு தாங்காமல்தான் பலர் மருந்தை விடுகிறார்கள், சோம்பலால் அல்ல. குளோசபின் என்ற மருந்து தொடங்கினால் முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டும். அதை யாராவது ஞாபகப்படுத்தியே ஆக வேண்டும். பிள்ளை பெற்ற தாய் சும்மா அழுதுகொண்டே இருக்கிறாள் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்னால் போய்ப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேல், களைத்துப்போன உம்மா வாப்பாவிடம் "இது உங்கட பிழையில்ல" என்று சொல்வது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2019இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஒரு உளநலப் பாதிப்போடு வாழ்ந்தார். எங்கள் ஊர் மட்டும் அதற்கு விதிவிலக்கா? எங்களிடம் குறைவாக இருப்பது நோய் அல்ல, வெளியில் சொல்லும் தைரியம்.

ஒரு காலத்தில் எங்கள் பகுதியில் ஒருவருக்கு மனநோய் என்றால், இராப் பயணமாக கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கொடையில் விடுவதுதான் வழி. போனவர்களில் சிலரை வீட்டார் திரும்பிப் பார்க்கவே இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள், இறந்தார்கள். உயிர் தப்பியவர்களின் மனதை யார் பார்ப்பது என்று நாடே கேட்டது அதற்குப் பிறகுதான். 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை பெரிய ஆஸ்பத்திரிச் சுவருக்குள் வைக்காமல் மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவரச் சொன்னது. கொள்கை வந்தது. ஊருக்குள் நடந்து போக ஆள் வேண்டுமே?

அதிலும் எங்கள் ஆள் வேண்டும். கை உடைந்தால் எக்ஸ்ரே பேசும். மனம் உடைந்தால் நோயாளிதான் பேச வேண்டும். "நெஞ்சுக்குள்ள எரியுது", "மனசு சரியில்ல", "ஆரோ கூப்பிடுற மாதிரி இரிக்கி" என்று எங்கள் உம்மாமார் சொல்வதை, எங்கள் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்பதும் மொழிபெயர்த்துக் கேட்பதும் ஒன்றல்ல. இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கதைக்க, எங்கள் பெண் பிள்ளை ஒருத்தி இருந்தால் எவ்வளவு உதவி! ஆண் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. கடைக்கும் பள்ளிக்கும் போகாமல் அறைக்குள் அடைந்து கிடக்கும் இளைஞர்களிடம் பேச அவர்கள் வேண்டும்.

பயங்களையும் பேசுவோம். "அடிப்பாங்க" என்கிறார்கள். மனநோயாளிகளில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, அடி வாங்குவதுதான் அவர்களில் அதிகம். மற்ற நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். "நைட் டியூட்டி" என்கிறார்கள். பிரசவ அறையிலும் நைட் டியூட்டி உண்டு, அங்கே பெண் தாதி இல்லாவிட்டால் நாங்கள்தான் முதலில் சத்தம் போடுகிறோம். "கலியாணம் சரிவராது" என்கிறார்கள். அதை மாற்றுவது எங்கள் கையில்தான் இருக்கிறது.

லேசான வேலை என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டோம். தேறிய நோயாளி மறுபடி விழும்போது மனம் ஒடியும். நியமனம் தூர மாவட்டத்திலும் கிடைக்கலாம். விரும்பிய பிரிவு முதல் நாளே கிடைக்காது. கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

வழி இதுதான். சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தல் வரும்போது தகைமையைக் கவனமாகப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். தெரிவானால் மூன்று வருட டிப்ளோமா, மட்டக்களப்பிலும் தாதியர் கல்லூரி இருக்கிறது. பட்டமாகப் படிக்க விரும்பினால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் இருக்கிறது. இரண்டிலும் உளநலத் தாதியம் ஒரு பாடம். அந்தப் பயிற்சிக் காலத்தை ஒப்பேற்றிவிட்டு வராமல், கண் திறந்து பார்த்தால் இது தனக்குச் சரிவருமா என்று பிள்ளைக்கே விளங்கும்.

மார்க்கம் தடுக்கிறதா என்று ஒரு வாப்பா கேட்டார். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பராமரித்தது ருஃபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. துஆவும் மருந்தும் எங்கள் முன்னோருக்கு எதிரெதிர் அல்ல. நாங்கள்தான் இடையில் சுவர் கட்டிக்கொண்டோம்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. ஆசிரியர்களே, திடீரென்று மாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுத முன் ஒருதரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். பெற்றோரே, பிள்ளை இந்த வேலைக்கு ஆசைப்பட்டால் மறித்து நிற்காதீர்கள். அவசரத்துக்கு 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது, போனில் சேமித்து வையுங்கள்.

அந்த மாணவியின் உம்மா இன்னும் சரி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, "யோசிப்பம்" என்றிருக்கிறார். ஊரில் உளநலப் பிரிவில் வேலை செய்யும் தாதியர் யாராவது இதை வாசித்தால், ஒரு நாள் எங்கள் பாடசாலைக்கு வாருங்கள். அந்த உம்மாவையும் கூப்பிடுகிறோம். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.