ஏணியைச் செய்தவர் யார்?



ஓய்வு நாளில் உன்னைத் தொலைதூர ஊர் ஒன்றுக்கு அழைக்கிறேன். அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரம். 1968 பிப்ரவரி முதல் நாள். மழை கொட்டுகிறது. குப்பை அள்ளும் கருப்பினத் தொழிலாளர் இருவர், ஒதுங்க வேறிடமின்றிக் குப்பை வண்டியின் பின்புறத்திலேயே ஒண்டுகின்றனர். குப்பையை நசுக்கும் பொறி திடீரென இயங்குகிறது. நசுங்கியது குப்பையல்ல தோழா, இரண்டு மனித உயிர்கள்!

அடுத்த பதினோராம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். கூலி உயர்வு கேட்டனர். சங்க உரிமை கேட்டனர். ஆனால், அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்த வாசகம் என்ன தெரியுமா? 'நான் ஒரு மனிதன்!'

மனிதன் தன்னை மனிதன் என்று எழுதிக் காட்டவேண்டிய இழிநிலை ஏன்? ஏற்றத்தாழ்வுக்கும் தத்துவம் உண்டு! 1945 இல் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் எனும் சமூகவியல் அறிஞர் இருவர் அதனை வகுத்தளித்தனர். சில பணிகள் மிக முக்கியமானவை. அவற்றுக்கான திறமையும் பயிற்சியும் பெற்றோர் சிலரே. அவர்களை ஈர்க்க அதிகப் பொருளும் அதிக மதிப்பும் தரவேண்டும். ஆகவே, படிநிலை எல்லாச் சமுதாயத்துக்கும் தேவை என்றனர்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான்; எனினும், கற்றறிந்த மருத்துவருக்குரிய சிறப்பை மறுப்பவனல்லன். ஆனால், 1953 இல் மெல்வின் டியூமின் எனும் அறிஞரே எழுந்து கேட்டார்: எது முக்கியம் என்று அளந்தவர் யார்? பொறியாளர் மட்டும் இருந்தால் ஆலை ஓடுமா? ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கதவைச் சாத்திவிட்டு, திறமை சிலரிடமே உண்டு என்பது எப்படி முறையாகும்?

உடைமையே வகுப்பைப் பிரிக்கிறது என்றார் மார்க்ஸ். உடைமையோடு சமூக மதிப்பும் அதிகாரமும் சேர்ந்தே பிரிக்கின்றன என்றார் வெபர். அண்ணல் அம்பேத்கரோ, 1936 இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில், சாதி என்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்வோரையே பிரித்து, ஒருவர்மீது ஒருவராய் அடுக்கிவைக்கிறது என்று விளக்கினார். டேவிசும் மூரும் சொன்ன ஏணியில் திறமை ஏறுமாம். இந்த அடுக்கிலோ ஏறுவதற்குப் படியே கிடையாது!

கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993 இல் சட்டம் வந்தது. 2013 இல் மேலும் ஒன்று வந்தது. பாதாளச் சாக்கடைச் சாவுகளோ நின்றபாடில்லை. அந்தக் குழியில் இறங்குபவர் எந்தத் திறமைத் தேர்வில் தோற்றவர்? பிறப்பு என்னும் தேர்வில்! அவர் பணி நின்றால் நகரம் நாறும், நோய் பரவும். முக்கியமான பணிக்கே முதன்மைப் பரிசு என்றால், அவருக்குக் கிடைத்த பரிசு எங்கே? நச்சுக்காற்றா?

தோழனே! 'அவரவர் தகுதிக்கு அவரவர் இடம்' என்று எவரேனும் உன்னிடம் உபதேசித்தால், சினம் கொள்ளாதே. அமைதியாக ஒன்று கேள். ஓட்டப்பந்தயம் தொடங்குமுன் எங்கள் காலில் விலங்கைப் பூட்டியவர் யார்? விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இரு!