மீன் பிடிக்கக் கற்றுத்தரும் கனவான்கள்

"ஒருவனுக்கு மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு." இந்த வாக்கியம் ஒலிக்காத மேடை இல்லை. கல்லூரி ஆண்டு விழா, ரோட்டரி சங்கக் கூட்டம், ஓய்வுபெற்ற அதிகாரியின் நூல் வெளியீடு, பட்ஜெட்டுக்கு மறுநாள் தொலைக்காட்சி விவாதம் என்று எங்கே போனாலும் இந்த மீன் துள்ளி வந்து விழும். சொன்னவர் ஒரு கணம் நிறுத்துவார், கைதட்டல் எழும். சீனப் பழமொழி என்பார் ஒருவர், கன்பூசியஸ் சொன்னது என்பார் இன்னொருவர். 1885இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலில் இதன் பழைய வடிவம் இருக்கிறது. எழுதியவர் ஆன் தாக்கரே ரிட்சி. இங்கிலாந்துச் சீமாட்டி ஒருவரின் தர்மசிந்தனைதான் சீன ஞானி வேடம் கட்டி நம்மூர் மேடை ஏறியிருக்கிறது. போகட்டும், யார் சொன்னால் என்ன. சொன்னதில் சரக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். 2022 ஜூலை 16 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஜாலௌனில் புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசம் வழங்கும் அரசியலை 'ரேவடி' என்ற எள் மிட்டாய் விநியோகமாகச் சித்திரித்தார். அதற்குப் பிறகு நம் கனவான்களுக்குக் குரல் இன்னும் தடித்துவிட்டது. 2025 பிப்ரவரியில், நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடம் பற்றிய வழக்கில், ஒட்டுண்ணிகளின் வர்க்கம் ஒன்றை உருவாக்குகிறோமா என்று உச்ச நீதிமன்ற அமர்வு கேட்டது. வீடில்லாதவர்களைப் பற்றிய வழக்கு அது என்பதைக் கவனியுங்கள்.

கனவான்களின் கட்சி இவ்வளவுதான்: ஏழைக்கு எதுவும் தெரியாது, அதனால் ஏழையாக இருக்கிறான். கொடுத்தால் குடிப்பான், உழைக்க மாட்டான். கொடுப்பதோ எங்கள் வரிப்பணம்.

குடியை முதலில் முடித்துவிடலாம். உலகின் பல பகுதிகளில் நடந்த பணவழங்கல் ஆய்வுகளை ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் தொகுத்துப் பார்த்தார்கள். கையில் காசு வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. (தமிழ்நாட்டில் கொடுக்கிற அரசே டாஸ்மாக்கில் உட்கார்ந்து திருப்பி வாங்கிக்கொள்கிறதே என்றால், அது அரசின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு.) மாநிலத்தின் கடன் ஏறுகிறதே என்ற கவலையையும் அடிக்கடி கேட்கிறோம். மேம்பாலத்துக்கு வாங்கிய கடனுக்காக யாரும் இப்படி விழித்திருந்து கவலைப்படுவதில்லை.

சோம்பேறித்தனம்? அபிஜித் பானர்ஜி, ரெமா ஹன்னா உள்ளிட்ட பொருளியலாளர்கள் நால்வர் இந்தக் கேள்விக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள், 2017இல் வெளிவந்தது. மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய 6 நாடுகளில் நடந்த 7 சோதனைகளின் தரவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்குப் பணம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இரு தரப்பும் வேலை பார்த்ததில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? இலவசம் சோம்பேறியாக்கும் என்றால், இந்தியாவிலேயே பெரிய சோம்பேறி மாநிலமாகத் தமிழ்நாடுதான் இருக்க வேண்டும். அரிசி, மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி, பேருந்து என்று எதைத்தான் விட்டுவைத்தோம்? ஆனால் 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் இங்கேதான் இருந்தார்கள். விடிகாலை 5 மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அந்தச் சோம்பேறிகளைக் கனவான்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அவர்கள் எழுந்திருக்கும் நேரம் வேறு.

இனி மீனுக்கே வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மீன் பிடிக்கத் தெரியாதவர்கள் யார்? நம் கடற்கரையில் கரைமலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத 'பார்' எனும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். காற்றின் திசையையும் நீவாடு எனும் கடல் நீரோட்டத்தின் போக்கையும் பார்த்து இன்று எந்த வலையை எடுப்பது என்று முடிவு செய்வார்கள். மீன் பிடிக்கக் கற்றுத்தருகிறேன் என்று இவர்களிடம் எந்தச் சிறப்பு விருந்தினராவது போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். அப்பேர்ப்பட்டவர்களுக்குத்தான் ஆண்டுதோறும் அரசு பணம் கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2023இல் 8,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். மீன் பிடிக்க நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் காசு இது. இதில் கற்றுக்கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

தடைக்காலம் முடிந்தால் மட்டும் என்ன? படகு பெரும்பாலும் இன்னொருவருடையது. டீசலும் ஐஸும் கழித்த பிறகுதான் பங்கு. வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், மீன் அவர் கைக்குத்தான் போக வேண்டும், விலையும் அவர் வைத்ததுதான். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பரவியபோதும் அங்கிருந்தவர்களுக்கு மீன் பிடிக்கும் வித்தை மறந்துபோய்விடவில்லை. மீன்தான் இல்லை. ஏழ்மைக்குக் காரணம் அறியாமை என்று சொல்லும் ஒரு வாக்கியம், உலகத்தில் இத்தனை தொழில் இருக்க, இந்தத் தொழிலை உதாரணத்துக்கு எடுத்தது அதன் துரதிர்ஷ்டம்.

கடலை விடுங்கள், கற்றுக்கொடுத்தல் என்பதன் சாதனையையாவது பார்ப்போம். வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சித் திட்டங்களின் மதிப்பீடுகளை உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி 2017இல் திரட்டிப் பார்த்தார். 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், பயிற்சி இல்லாமலே வேலைக்குப் போயிருக்கக் கூடியவர்களைக் கழித்துவிட்டு, கூடுதலாக வேலை பெறுவோர் 2 அல்லது 3 பேர். இவ்வளவுதான் மீன் பிடிக்கக் கற்றுத்தந்ததன் பலன். நாற்காலி, பேனர், சான்றிதழ், குழுப்படம் எல்லாம் இதற்குள் அடக்கம்.

மீனையே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் 'பந்தன்' நிறுவனம் பரம ஏழைக் குடும்பங்களுக்குக் கடனாக இல்லாமல் சும்மாவே மாடும் ஆடும் கொடுத்தது. கொஞ்ச காலம் கைச்செலவுக்குப் பணமும் தந்தது. 10 ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோதும், கிடைத்த குடும்பங்கள் கிடைக்காத குடும்பங்களைவிட அதிகம் சம்பாதித்தன, நன்றாகச் சாப்பிட்டன. மாடு வளர்க்கும் பயிற்சியும் கூடவே கொடுத்தார்களே என்று யாராவது குறுக்கே வரலாம். கொடுத்தார்கள்தான். மாட்டைக் கொடுக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்திருந்தால் எதை வளர்த்திருப்பார்கள்?

"இன்று மீன் கொடுத்தால் நாளை மறுபடி பசிக்கும்" என்பது அடுத்த பல்லவி. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோதும் இதே பாட்டுத்தான் பாடினார்கள். 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இந்தியா முழுவதிலிருந்தும் 1993 முதல் 2016 வரையிலான தரவை எடுத்துக்கொண்டது. பள்ளியில் மதிய உணவு கிடைத்த சிறுமிகள் வளர்ந்து தாயானபோது, அவர்களுடைய குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் முன்னே நின்றார்கள். ஒரு தட்டுச் சோறு ஒரு தலைமுறை தாண்டி வேலை செய்திருக்கிறது.

இப்போது ஊர்ப்பக்கம் வருவோம். "நூறு நாள் வேலை வந்த பிறகு களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, ரேஷன் அரிசி கிடைப்பதால் எவனும் வேலைக்கு வருவதில்லை." இதைச் சொல்லாத நிலக்காரர் கிடையாது. ஆள் கிடைக்கவில்லை என்பதைப் பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று படிக்க வேண்டும். அடுப்பில் அரிசி இருக்கிறவள் 'அந்தக் காசுக்கு வரமாட்டேன் ஐயா' என்று சொல்ல முடியும். கனவான்களுக்கு வலிக்கிற இடம் அதுதான். முன்பு இப்படிச் சொல்ல அவளால் முடியாது.

பொருளியலாளர்களும் ஆரம்பத்தில் நிலக்காரரைப் போலத்தான் நினைத்தார்கள்: கூலி ஏறினால் தனியார் வேலை குறையும் என்று. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 157 மண்டலங்களில் இதைச் சோதித்தார்கள். குலுக்கலில் தேர்வான மண்டலங்களில் கைரேகை அட்டை வந்தது, நூறு நாள் வேலைக் கூலி ஒழுங்காகவும் ஒழுகாமலும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியது. அதில் பெரும்பங்கு திட்டத்தில் வந்த கூலி இல்லை, வெளி வேலையில் வந்தது. சந்தைக் கூலி 11 சதவீதம் ஏறியது. கூலி ஏறியும் வேலை குறையவில்லை, கூடியது, அதுவும் 20 சதவீதம். நிலம் சிலர் கையில் குவிந்து கிடந்த இடங்களில் இந்த விளைவு இன்னும் பெரிதாக இருந்தது. அதாவது, இருக்கிற வேலைக்கு உரிய கூலியை அதுவரை யாரோ அமுக்கி வைத்திருந்தார்கள். எவர் அமுக்கினார் என்று ஆய்வுக் கட்டுரை பெயர் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, வரிப்பணம். வருமான வரி கட்டுகிறவர்தான் வரி கட்டுகிறவர் என்று ஒரு பிரமை. சோப்புக்கும் செருப்புக்கும் ஜிஎஸ்டி கட்டுகிற கூலித்தொழிலாளி எந்தக் கணக்கில் வருகிறார்? 2019 செப்டம்பர் 20 அன்று, ஒரே அறிவிப்பில், நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமானது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி. வரியைக் குறைத்ததால் முதலாளிகள் சோம்பேறியாகிவிடுவார்களே என்று எந்த விவாதத்திலும் யாரும் பதறக் காணோம். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரியை 1985இலேயே எடுத்தாயிற்று, செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தாயிற்று. அப்பன் சொத்தை உட்கார்ந்து அனுபவிக்கிற பிள்ளைக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க யாரும் முன்வரவில்லை. 2022-23இல் நாட்டின் மொத்தச் சொத்தில் 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்ததாக பொருளியலாளர் பிக்கெட்டி குழுவினர் கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய மீன்.

இத்தனையும் கேட்ட பிறகு கனவான்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். "சரி, ஏழைக்கு மட்டும் கொடுங்கள். காரில் வந்து இலவச அரிசி வாங்குகிறானே!" இந்தக் காரும் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. 2004-05 கணக்கெடுப்பில் பார்த்தால், நாட்டின் ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஏழைக்கான அட்டை இல்லை. வசதியானவர்கள் பலரிடம் இருந்தது. தாலுகா ஆபீசில் யாருக்கு ஆள் உண்டு, யாருக்கு இல்லை என்பது தெரிந்த கதைதானே. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம், வேண்டியவர் யாராக இருந்தாலும் வரிசைக்கு வரலாம். காரில் வருகிறவர் பையோடு நிற்கத் தயார் என்றால் நிற்கட்டும். எடை குறைந்தால் கடைக்காரரிடம் சத்தம் போடவும், புழுத்த அரிசியைப் படமெடுத்துக் கலெக்டருக்கு அனுப்பவும் அவர் பயப்பட மாட்டார். அவருக்குப் பின்னால் நிற்கிற பாட்டிக்கும் அதே மூட்டையிலிருந்துதான் அள்ளிப் போடுகிறார்கள்.