மாலத்தீவா, அந்தமானா, திருகோணமலையா? முதல்ல லீவு எந்த மாசம்னு பாருங்க!



"மதுரையிலிருந்து கிளம்புறோம். நாலு பேர், பட்ஜெட் 2 லட்சம். பீச், ஸ்னார்க்கலிங் ரெண்டும் வேணும். எந்தத் தீவு?"

இந்தக் கேள்விக்கு எல்லாரும் முதல்ல பாக்கேஜ் விலையைத்தான் பார்க்கிறாங்க. முதல்ல பார்க்க வேண்டியது காலண்டர் என்பது என் கருத்து. கடல் கலங்கியிருந்தா, எத்தனை லட்சம் கட்டினாலும் ஒரு மீன்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

பவளப்பாறை நம்ம பக்கத்திலேயே, மன்னார் வளைகுடாவுல இருக்கு. 21 தீவுகள், 1986லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆயிடுச்சு. ஆனா பாதுகாக்கப்பட்ட பகுதி. நினைச்ச இடத்துல இறங்கி நீந்த முடியாது. அதனால மத்த மூணையும் பார்ப்போம்.

கோடை லீவா? திருகோணமலை

மே மாசக் கடைசியில தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுடும். மாலத்தீவுலயும் அது மழைக்காலம். அந்த நேரத்துல வர்ற பெரிய பெரிய ஆஃபர்களுக்குக் காரணமே அதுதான்.

ஆனா இலங்கையோட கிழக்குக் கரை, மே முதல் செப்டம்பர் வரைக்கும் அமைதியா இருக்கும். நிலாவெளி கடற்கரையிலிருந்து சுமார் 1 கி.மீ. தூரத்துல புறாத்தீவு தேசியப் பூங்கா. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கு. அங்கிருந்து வேன்ல சுமார் 6 மணி நேரம். அந்த வாடகையையும், போக வர ஒவ்வொரு நாளையும் கணக்குல சேர்த்துக்கோங்க. பூங்காவுக்கு வெளிநாட்டவர் கட்டணம், படகுக் கட்டணம் ரெண்டும் தனி. வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு, தமிழ்லயே பேசிக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

அரையாண்டு லீவா? அந்தமான்

பாஸ்போர்ட் வேண்டாம், டாலர் மாத்த வேண்டாம். பவளப்பாறைக்காகவே போறீங்கன்னா, புறாத்தீவைவிட ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் த்வீப் மேல். ஆனா அது சீசன் உச்சம். விமான டிக்கெட்டைச் சில மாசம் முன்னாடியே போட்டாதான் 2 லட்சத்துக்குள்ள யோசிக்க முடியும்.

மாலத்தீவு: விளம்பர விலை முழு விலை இல்லை

2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்ல பசுமை வரி ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். நாலு பேர், நாலு ராத்திரின்னா 192 டாலர். இதுபோக ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம், ஸ்பீட் போட். "இதெல்லாம் சேர்த்துத்தானா?"ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. மக்கள் வாழும் தீவுகள்ல இருக்கிற சின்ன விருந்தினர் இல்லங்கள்ல இந்த வரி பாதிதான்; மாஃபுஷி மாதிரி தீவுகளைப் பாருங்க.

கடன் வாங்கிப் போகாதீங்க

இதுதான் முக்கியம். 2 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 9,600 ரூபாய். வட்டி மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல. அதே 9,600 ரூபாயை 6.5% வட்டி தர்ற ஆர்.டி.யில போட்டா, 20 மாசத்துல 2 லட்சத்தைத் தாண்டிடும். கடன் வாங்கினா 24 தவணை, சேர்த்துவெச்சா 20 தவணை. வீடு, நகைன்னா அப்புறமும் கையில ஒண்ணு நிக்கும். டூர் முடிஞ்சா போட்டோதான் நிக்கும்; அதுக்கு ரெண்டு வருஷம் வட்டி கட்டணுமா?

ஸ்னார்க்கலிங் பண்ண நீச்சல் தெரிஞ்சே ஆகணும்னு இல்லை. ஆனா லைஃப் ஜாக்கெட் இல்லாம இறங்காதீங்க. டிராவல் இன்ஷூரன்ஸ்ல ஸ்னார்க்கலிங் கவர் ஆகுதான்னு பாலிசியைப் படிச்சுப் பாருங்க.

ஆக, முதல்ல மாசம், அப்புறம் தீவு, கடைசியில பாக்கேஜ். அடுத்த கோடைக்குப் போகணும்னா, ஆர்.டி.யை இந்த மாசமே ஆரம்பிங்க. எவ்வளவு சேருதோ, அதுக்குள்ள அடங்குற தீவுக்குப் போயிட்டு வாங்க!